வாழைநாருக்குப் பொருத்தமான வேலை

கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை டிரபான்ட் என்ற சின்னக் கார் தயாரானது. ஸ்விக்காவ் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் கார்கள் வெளிவந்தன. உள்ளே சட்டகம் இரும்புதான். ஆனால் கதவு, கூரை, முன்மூடி என்று வெளியே போர்த்தியிருந்த தகடுகளில் இரும்பு இல்லை. இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம் இருந்த காலம் அது. சோவியத் நாட்டிலிருந்து வந்த பருத்திக் கழிவை பீனால் பிசினோடு சேர்த்து, சூடான அச்சில் அழுத்தித் தகடாக்கினார்கள். டூரோபிளாஸ்ட் என்று அதற்குப் பெயர். ஊரார் ‘அட்டைக் கார்’ என்று கேலி பேசினார்கள். பேசட்டும், அந்த அட்டை துருப்பிடிக்கவில்லை, பல்லாண்டுகள் மழையிலும் பனியிலும் ஓடியது. தலைவலி பிறகுதான் வந்தது. பெர்லின் சுவர் விழுந்ததும் மக்கள் மேற்கத்திய கார்களுக்கு மாற, கைவிடப்பட்ட டிரபான்ட்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். திரும்ப உருக்க முடியாது. இரும்பைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், டூரோபிளாஸ்ட் தகட்டை யார் எடுப்பார்? ஆக, அந்தக் காரில் பஞ்சு தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதன் முடிவைத் தீர்மானித்தது, அதோடு சேர்த்த பிசின்.

இன்று வேளாண் கழிவு நாரைப் பிளாஸ்டிக்கோடு கலப்பது பற்றி நிறையப் பேசப்படுகிறது. தேங்காய்நார், வாழைநார், கோதுமை வைக்கோல், நெல் உமி, கரும்புச் சக்கை, அன்னாசி இலை என்று எதை எடுத்தாலும் அதைப் பிசினில் சேர்த்து வலு சோதித்த ஆய்வுக் கட்டுரை ஒன்று கிடைக்கும். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டத்துக்கு இது வற்றாத ஊற்று. பெரும்பாலான கட்டுரைகள் ஒரே உற்சாகத்தில் முடிகின்றன: குப்பைக்கு வழி கிடைத்தது, பிளாஸ்டிக் குறைந்தது, உழவருக்கு வருமானம் வந்தது. மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் மூன்றும் ஒரே பொருளில், ஒரே நேரத்தில் நடக்கும் இடம் மிகக் குறுகியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டிய பொருளில், கண்ணாடி இழையும் வெறும் பிளாஸ்டிக்கும் இப்போது செய்யும் வேலையைச் செய்ய நாரைச் சேர்த்தால் லாபம் உண்டு. சில நாளிலோ சில மாதத்திலோ எறியப்படும் பொருளில் சேர்த்தால், மக்கக்கூடிய நல்ல நாரையும் சேர்த்துக் குப்பையாக்குகிறோம். இந்த வேறுபாட்டைத்தான் விளம்பரங்கள் மறைக்கின்றன.

முதலில், நார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மண்சுவர் வைத்த தலைமுறைக்கு இது தெரிந்த சங்கதி. சேற்றோடு வைக்கோலை மிதித்துக் கலந்தால் சுவர் காயும்போது வெடிக்காது. மண் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பை வைக்கோல் வாங்கிக்கொள்கிறது. நம் கடற்கரைகளில் நிற்கும் ‘ஃபைபர்’ படகும் அதே கணக்குதான். மண்ணுக்குப் பதில் பிசின், வைக்கோலுக்குப் பதில் மயிர்போல் இழுத்த கண்ணாடி. பிசின் வாங்கும் சுமை நாரின் பக்கவாட்டுத் தோல் வழியாகத்தான் நாருக்குள் இறங்குகிறது. அதனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: நாரும் பிசினும் இறுகப் பற்றியிருக்க வேண்டும், நார் தன் தடிமனைவிடப் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். நீளம் போதாவிட்டால் சுமை ஏறி முடிப்பதற்குள் நார் முடிந்துவிடும். அரைத்த உமியும் பொடித்த சக்கையும் இந்த இரண்டாவது நிபந்தனையில் தோற்கின்றன. அவற்றைப் பிளாஸ்டிக்கில் கொட்டினால் பொருள் சற்று விறைப்பாகும், விலை குறையும். இழுவிசை வலு பெரிதாக ஏறாது, பல நேரம் இறங்கவும் செய்யும். அதை நிரப்பி என்று சொல்வதே நேர்மை, வலுவூட்டி என்று சொல்லக் கூடாது. நிரப்பியும் பயனுள்ளதுதான். குளியலறைக் கதவுக்கு இன்று பலர் வாங்கும் டபிள்யூபிசி என்ற மர-பிளாஸ்டிக் கலவைப் பலகையில் மரத்தூளோ உமிப் பொடியோ செய்வது அந்த வேலையைத்தான்.

நீளமான நார்கள் எல்லாம் ஒரே தரம் என்று எண்ணுவதும் தவறு. நம் கைக்கு எளிதில் எட்டும் இரண்டு நார்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். தேங்காய்நாரில் லிக்னின் என்ற மரப்பசை நாற்பது விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. அதனால்தான் உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டாலும் அது அழுகிப்போவதில்லை. ஆனால் அதன் செல்லுலோஸ் நுண்ணிழைகள் நாரின் நீள அச்சுக்கு முப்பது, நாற்பது பாகை சாய்ந்து, சுருள்வில்போலச் சுற்றிக் கிடக்கின்றன. இழுத்தால் சுருள் விரிகிறது. அறுவதற்குள் தன் நீளத்தில் 15 விழுக்காட்டுக்கும் மேல் நீளக்கூடிய நார் அது. வாழைநாரில் செல்லுலோஸ் அறுபது விழுக்காட்டுக்கு மேல். சாய்வு பத்துப் பன்னிரண்டு பாகைதான். இழைகள் கிட்டத்தட்ட நேராக ஓடுவதால் அது நீளாமல் விறைத்து நிற்கும். பூக்கட்டும் கைகளுக்கு இந்த விறைப்பு பழக்கம். கயிறு திரிக்கும் கைகளுக்குத் தேங்காய்நாரின் துள்ளல் பழக்கம். பக்கெட்டும் நாற்காலியும் செய்யும் பாலிபுரோப்பிலீனின் விறைப்பை ஒன்று என்று வைத்தால், தேங்காய்நாருடையது மூன்று நான்கு, வாழைநாருடையது பத்துக்கும் மேல், கண்ணாடி இழையுடையது ஐம்பது. நூற்றுக்கு முப்பது பங்கு தேங்காய்நார் கலந்தாலும் விறைப்பு இரண்டு மடங்கைத் தொடுவதே பெரும்பாடு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. திருவனந்தபுரத்திலிருந்த வட்டார ஆராய்ச்சிக் கூடம் 1980களிலேயே தேங்காய்நார், வாழைநார் முதலியவற்றின் கட்டமைப்பையும் வலுவையும் விரிவாக அளந்து வெளியிட்டது. அதற்குப் பிறகும் ‘தேங்காய்நார் கண்ணாடி இழைக்கு மாற்று’ என்று எழுதுவது அளந்ததைப் படிக்காததன் விளைவு. தேங்காய்நாரின் இடம் வேறு: அதிர்ச்சியை வாங்குவது, ஒலியை உறிஞ்சுவது, மெத்தையாக இருப்பது. ரப்பர் பாலோடு சேர்த்த நார்மெத்தை அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. பிரேசிலின் பாரா மாநிலத்தில் அதே கலவையில் வண்டி இருக்கைகளும் தலைசாய்வுகளும் செய்தார்கள். கண்ணாடி இழையோடு மல்லுக்கட்ட வேண்டுமானால் அதற்கு வாழைநார், சணல், ஆளிநார் போன்றவைதான் ஆள்.

மல்லுக்கட்டு என்கிறோமே, ஐம்பதுக்கும் பத்துக்கும் என்ன மல்லு என்று கேட்கலாம். எடையைச் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது. ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி இழை இரண்டரை கிராம். தாவர நார் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம். ஓடும் வண்டியில் ஒவ்வொரு கிலோவும் காலமெல்லாம் எரிபொருள் கேட்கும் என்பதால், அங்கே எடைக்கு இவ்வளவு விறைப்பு என்பதுதான் கணக்கு. இன்னொன்று, கண்ணாடியை 1,400 பாகை வெப்பத்தை ஒட்டி உருக்கித்தான் இழையாக்க வேண்டும். ஒரு கிலோ கண்ணாடி இழை விரிப்புக்கு ஏறக்குறைய 55 மெகாஜூல் ஆற்றலும், ஒரு கிலோ ஆளிநார் விரிப்புக்கு ஏறக்குறைய 10 மெகாஜூலும் செலவாவதாக 2004இல் வெளியான ஓர் ஒப்பாய்வு காட்டியது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. நார் இயற்கையானது என்பதால் மட்டும் லாபம் வந்துவிடவில்லை. ஒரே உறுதியைப் பெறக் கண்ணாடியைவிட அதிக நாரைச் சேர்க்க வேண்டியிருப்பதால் அந்த அளவுக்குப் பிளாஸ்டிக் குறைகிறது; பொருளும் இலேசாகிறது. லாபத்தின் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்து வருகிறது. அதாவது நாரின் குறை என்று தோன்றுவதே சுற்றுச்சூழல் கணக்கில் வரவாகிறது. ஆனால் பொருள் ஓட வேண்டும், நீடிக்க வேண்டும். அசையாமல் ஓரிடத்தில் கிடந்து ஆறு மாதத்தில் எறியப்படும் பொருளில் எடை குறைந்து யாருக்கு என்ன?

கார் நிறுவனங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. கதவின் உட்பலகை, இருக்கையின் பின்புறம், பொருள் வைக்கும் பெட்டி என்று வெயிலும் மழையும் படாத இடங்களில் ஆளிநாரும் சணலும் புகுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உண்மையான வேளாண் கழிவுக்கு நல்ல உதாரணம் ஃபோர்டு நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு ஃபிளெக்ஸ் கார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஒன்டாரியோ பண்ணைகளின் கோதுமை வைக்கோலை 20 விழுக்காடு கலந்த பாலிபுரோப்பிலீனில், பின்வரிசைக்கு அருகே பொருள் வைக்கும் பெட்டியைச் செய்தார்கள். இதனால் ஆண்டுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன் பெட்ரோலியம் மிச்சமாகும் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பாருங்கள்: ஒன்பது டன் என்பது ஒரு லாரிப் பாரம். ஒரு சின்னப் பெட்டிக்கு அது மோசமில்லை. உலகைக் காப்பாற்றும் எண்ணும் இல்லை. நார் கலவையின் உண்மையான அளவு இதுதான். சிறு சிறு இடங்களில், சிறு சிறு மிச்சம். அந்த இடங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போதுதான் பேசத்தக்க தொகை சேரும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். தொழில்நுட்பம் தெரிந்தவர் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி. செல்லுலோஸுக்கு நீர் என்றால் உயிர். பாலிபுரோப்பிலீன் எண்ணெய் வம்சம். இரண்டும் தாமாக ஒட்டுவதில்லை. காயாத நாரை அச்சுக்குள் விட்டால் ஈரம் ஆவியாகிப் பொருளெங்கும் ஓட்டை போடும். காய்ந்ததை விட்டாலும், முடிந்த பொருளில் வெட்டுவாய் வழியே நீர் ஏறி நார் உப்பும், பலகை நெளியும், பூஞ்சை பிடிக்கும். இது நியாயமான மறுப்பு. அடுப்படியிலும் மாடியிலும் வாழைநார்ப் பலகையைப் பொருத்தச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் மருந்தும் இருக்கிறது. நாரைக் காஸ்டிக் சோடா கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்தால் மேலே படிந்த பசையும் மெழுகும் நீங்கித் தோல் சொரசொரப்பாகும். மெலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரோப்பிலீனைச் சில விழுக்காடு சேர்த்தால், அதன் ஒரு முனை செல்லுலோஸைப் பிடிக்கும், வால் பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். சமரசம் பேசத் தெரிந்த சம்பந்தி மாதிரி. சோடாக் கழிவுநீரை வாய்க்காலில் விட்டால் லாபமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெசவுச் சாயத்தில் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெப்பமும் ஒரு வேலி. 200 பாகையைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். வெல்லம் தீய்ந்த வாடை அடிக்கும். மூடிய காருக்குள் அந்த வாடையே பெரிய புகார். எனவே நைலான், பெட் போன்ற அதிக வெப்பத்தில் உருகும் பிளாஸ்டிக்குகளோடு பெரும்பாலான நார்கள் சேராது. பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன், பிவிசி வட்டத்துக்குள்தான் விளையாட்டு.

இரண்டாவது மறுப்பு சூழலியல் ஆர்வலர்களுடையது, இன்னும் கூர்மையானது. மக்கும் பொருளையும் மக்காத பொருளையும் பிரிக்க முடியாதபடி கலப்பது எப்படிப் பசுமையாகும்? நார் மக்கிப்போனால் எஞ்சிய பிளாஸ்டிக் பொடிப்பொடியாக உதிராதா? எறியும் பொருள்களைப் பொறுத்தவரை இந்த மறுப்புக்குப் பதிலே இல்லை. அவர்கள் சொல்வது முழு உண்மை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபிறகு மாற்றுப் பொருள்களுக்குச் சந்தை திறந்தது. அதில் இரண்டு வகைகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கரும்புச் சக்கையைக் கூழாக்கி அச்சில் அழுத்திய தட்டு ஒரு வகை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் அது காகிதத்தின் உறவு, மண்ணோடு மண்ணாகும். ‘கோதுமை வைக்கோல்’ என்று பெயர் சூட்டிப் புள்ளி தெறித்த பழுப்பு நிறத்தில் விற்கும் டம்ளரும் டிபன் பெட்டியும் வேறு வகை. அவற்றில் பல, வைக்கோல் பொடி கலந்த பாலிபுரோப்பிலீன். குப்பைமேட்டில் அது பிளாஸ்டிக்காகவே கிடக்கும். பழைய பிளாஸ்டிக் வாங்குபவரும் கலப்படம் என்று ஒதுக்கிவிடுவார். புள்ளிகளைப் பார்த்து ஏமாறுவதற்குத்தான் அந்தப் புள்ளிகள். ஆனால் இருபது ஆண்டு நிற்கும் கதவு நிலைக்கோ கார் உட்பலகைக்கோ இதே வாதம் அப்படியே பொருந்தாது. அங்கே நாம் மக்குவதைக் கேட்கவில்லை, மக்காமல் இருப்பதைக் கேட்கிறோம். அங்கே இருந்த கண்ணாடி இழைக் கலவையும் மக்கியிருக்காது. உருகும் பிளாஸ்டிக்கில் கலந்த நார்ப்பொருளைத் துண்டாக்கிச் சில முறை மறுபடி வார்க்கலாம். ஒவ்வொரு முறையும் நார் அறுந்து வலு குறையும். கடைசியில் எரித்தால் நார் ஆற்றல் தந்து போகும், கண்ணாடி சாம்பலோடு கட்டியாக நிற்கும். டிரபான்ட் படிப்பித்த பாடத்துக்கு இங்கே வேலை இருக்கிறது: உருக்கக்கூடிய பிளாஸ்டிக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும், எப்பாக்ஸி, பாலியெஸ்டர் பிசின்களைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். கல்லூரிச் செயல்திட்டங்களில் பெரும்பாலானவை கையால் பூசி இறுக்கும் எளிமைக்காக எப்பாக்ஸியையே எடுக்கின்றன என்பது இந்தத் துறையின் சின்ன முரண்.

மூன்றாவது மறுப்பு உழவர் பக்கத்திலிருந்து வர வேண்டியது. அவரை யாரும் கேட்காததால் அதிகம் காதில் விழுவதில்லை. எது கழிவு? டெல்டாவில் வைக்கோல் மாட்டுத் தீவனம். கோடையில் அதற்கு வரும் விலையைக் கேட்டவர் அதைக் கழிவு என்று சொல்ல மாட்டார். கரும்புச் சக்கை ஆலைக் கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களிலிருந்து அதைக் காகிதமாக்குகிறது. உமி சூளைக்கும் கொதிகலனுக்கும் போகிறது. தேங்காய் மட்டையைத் தட்டி நார் எடுத்தபின் எஞ்சும் நார்க்கழிவு, நாரைவிட இரண்டு மடங்கு எடையில் சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்தது ஒரு காலம். இன்று அதே கழிவு அழுத்திய கட்டியாகி, செடி வளர்க்கும் ஊடகமாகக் கப்பலேறுகிறது. விலை வந்த நாளில் கழிவு என்ற பெயர் போய்விட்டது. ஆகவே ‘கழிவு, எனவே இலவசம்’ என்று தொடங்கும் எந்தத் திட்ட அறிக்கையும் மூன்றாம் ஆண்டிலேயே தடுமாறும்.

தமிழ்நாட்டில் இன்னும் உண்மையாகவே கழிவாகக் கிடப்பது வாழை மரம். தார் ஒருமுறைதான்; வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிட வேண்டும். தொட்டியம், தேனி, ஸ்ரீவைகுண்டம் பக்கங்களில் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்துவதற்கே உழவர் கூலி கொடுக்கிறார். அதை அரைத்து மண்ணிலேயே விட்டால் சாம்பல் சத்து திரும்புமே, அதைப் பிடுங்கலாமா என்று கேட்பது சரியான கேள்வி. ஆனால் மரத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நார் நூற்றில் ஒன்றை ஒட்டியே தேறும். சத்து பெரும்பாலும் சாற்றிலும் சதையிலும்தான் இருக்கிறது. நாரை எடுத்துக்கொண்டு மற்றதைத் தோட்டத்திலேயே விட்டால் மண்ணுக்குப் பெரிய நட்டமில்லை. இந்த ஒரு விழுக்காட்டுக் கணக்கிலேயே தொழிலின் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி ஆலை வைத்து மரங்களை லாரியில் ஏற்றினால் நாம் ஏற்றுவது தண்ணீரைத்தான். நாரெடுக்கும் இயந்திரம் தோட்டத்துக்குப் போக வேண்டும். உரித்த நாரை அன்றே அலசிக் காயவைக்க வேண்டும், தாமதித்தால் பழுப்பேறி வலு இழக்கும். பிறகு நீளம், நிறம், ஈரம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். வார்ப்பு ஆலைக்காரர் கேட்பது அதிக வலுவை அல்ல, நேற்று வந்த மூட்டையும் இன்று வந்த மூட்டையும் ஒன்றுபோல் இருப்பதைத்தான். கண்ணாடி இழை அந்த வாக்குறுதியைத் தருகிறது. நேந்திரன், பூவன், ஜி-9 எல்லாவற்றையும் கலந்து, மழைக்காலத்தில் பாதி காய்ந்து வரும் நார் அதைத் தருவதில்லை. பஞ்சுக்கும் தேயிலைக்கும் தரம் குறித்து விலை சொல்லும் ஏற்பாடு நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. வாழைநாருக்கு அது வந்தால்தான் கிண்டியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருக்கும் ஆலை அதை நம்பிக் கொள்முதல் செய்யும்.

திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமான சிப்பெட் 1968 முதல் இருக்கிறது, காரும் பேருந்தும் கட்டும் ஆலைகள் சென்னையைச் சுற்றி நிற்கின்றன. நார், பிசின், வாங்குபவர் மூவரும் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் அமைந்த ஊர்கள் உலகில் அதிகமில்லை. ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இன்னொரு எப்பாக்ஸிச் சோதனைக்குக் கொடுப்பதைவிட, வாழைத் தோட்டத்து வரப்பில் நிற்கும் நாரெடுப்பு இயந்திரத்துக்கும், உலர்த்தும் கொட்டகைக்கும், தரம் பிரிக்கும் நிலையத்துக்கும் கொடுப்பது மேல். வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ‘இயற்கை நார்’ என்று எழுதிய எந்தப் பொருளையும் வாங்குமுன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் பிளாஸ்டிக் எவ்வளவு, இது எத்தனை ஆண்டு உழைக்கும்? இரண்டாவதற்குப் பதில் பத்துக்குக் கீழே இருந்தால், எவர்சில்வர் டம்ளரையே வாங்குங்கள்.